கடற்கரைச் சுற்றுலா: எந்த மாதம்? எந்த நாள்? எந்த நேரம்?

விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போய் வருவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அடுத்து என்ன செய்கிறோம்? ரயிலில் இடம் கிடைக்குமா என்று பார்க்கிறோம். தங்குவதற்கு அறை தேடுகிறோம். எந்த ஊரில் எந்தக் கோயில், எங்கே நல்ல சாப்பாடு என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறோம். கடலைப் பற்றி மட்டும் எதுவும் விசாரிப்பதில்லை. கடல் எங்கே போய்விடப் போகிறது, எப்போது போனாலும் அங்கேதானே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கடல் அங்கேதான் இருக்கும். ஆனால் ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரியில் குளம்போல் கிடக்கும் நீர் ஜூன் மாதத்தில் படகுகளைக் கரையேற்றி வைத்துவிடும். பௌர்ணமியன்று தெரியும் காட்சி மூன்று நாள் கழித்துப் போனால் தெரியாது. காற்று, சந்திரன், சூரியன் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கடற்கரையின் கால அட்டவணையை எழுதுகின்றன. ரயில் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் இந்த அட்டவணையைப் பார்ப்பது நல்லது. பார்க்க வேண்டியதைப் பார்க்கலாம். பத்திரமாக வீடு திரும்பவும் செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, இராமேசுவரத்தில் தொடங்கி, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம். ஆண்டின் பெரும்பகுதி நல்ல வெயில் அடிக்கும் கரை இது. இதற்கு எப்படித் திட்டமிடுவது?

எந்த மாதம்?

முதலில் தேசப் படத்தைப் பாருங்கள். இராமேசுவரம் தீவு தனுஷ்கோடியை நோக்கி ஒரு மெல்லிய மணல் நாக்குபோல் நீண்டிருக்கிறது. இந்த நாக்குக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான் இருக்கும். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அது போகப்போக ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமாகி, இந்தியப் பெருங்கடலுடன் நேராகச் சேர்கிறது. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், இரையும் தென்கடலை ஆண் கடல் என்றும் அப்பகுதி மக்கள் சொல்வதுண்டு. தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரண்டையும் இரு கைப்புறமும் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பெயர்கள் ஆண்டு முழுவதும் பொருந்துவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. திறந்த பெருங்கடலின் மேல் நெடுந்தூரம் வந்த காற்றாகையால், மன்னார் வளைகுடாவிலும் குமரிக் கரையிலும் பெரிய அலைகளை எழுப்புகிறது. மணல் நாக்கின் மறைவில் இருக்கும் பாக் விரிகுடா அப்போது அமைதியாகக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது கலங்குவது பாக் விரிகுடா. அலையின் உயரத்தை நிர்ணயிப்பவை மூன்று: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது கடக்கும் நீர்ப்பரப்பின் நீளம். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த மாதத்தில் எந்தக் கரை அமைதியாக இருக்கும் என்பதைப் படத்தைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

வடகிழக்குப் பருவம் மழையையும் புயலையும் கொண்டுவரும் பருவம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடி என்ற ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் ஊருக்கு அருகில் கடல் நீரில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் எஞ்சிய பகுதிகளும் இன்றும் மணலில் நிற்கின்றன. அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள், அது புயல் காலத்தின் கடைசிப் பகுதி என்பதை மறக்கக்கூடாது. வானிலை அறிவிப்பைக் கேட்டபிறகே புறப்பட வேண்டும்.

ஆக, எஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் முற்பகுதி வரையுள்ள காலம். மழை ஓய்ந்திருக்கும், இரு கடல்களும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளுக்குப் பூநாரைகள் வருவதும் குளிர்காலத்தில்தான். பொங்கல் விடுமுறை இந்தக் காலத்தில் விழுவது மாணவர்களுக்கு ஒரு வசதி. கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்களுக்கும் வழி உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

எந்த நாள்?

மாதத்தைக் காற்று சொல்லிவிட்டது. நாளைச் சந்திரன் சொல்லட்டும்.

கன்னியாகுமரியின் புகழ்பெற்ற காட்சி, மேற்கே சூரியன் மறையும்போதே கிழக்கே முழுநிலவு எழுவது. இது குமரிக்கு மட்டும் உரிய அதிசயம் அன்று. பௌர்ணமியன்று பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் நேர் எதிர்ப்பக்கம் சந்திரனும் இருக்கின்றன. ஆகவே ஒன்று மறையும்போது மற்றொன்று எழுந்தே ஆகவேண்டும். எல்லா ஊர்களிலும் இது நடக்கிறது. ஆனால் மரங்களும் கட்டடங்களும் மலைகளும் மறைத்துவிடுகின்றன. குமரியில் இருபுறமும் கடல் விளிம்பு திறந்திருப்பதால் நின்ற இடத்திலிருந்தே இரண்டையும் காண முடிகிறது.

இதற்காகச் சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் பெருந்திரளாகக் கூடுவது வழக்கம். ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சூரியன் சரியாக மேற்கில் மறைவது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டித்தான். கோடையில் அது மேற்கிலிருந்து வடக்கே விலகி, குமரிமுனையிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிலப்பக்கமாக மறைகிறது. குளிர்காலத்தில் தெற்கே விலகிக் கடலுக்குள் இறங்குகிறது. சூரியன் தெற்கே விலகும் காலத்தில் முழுநிலவு வடக்கே விலகிக் கிழக்குக் கடலின்மேல் எழும். எனவே தைப்பூசம், மாசி மகம் ஆகிய பௌர்ணமிகளை ஒட்டிய மாலைகள் இக்காட்சிக்கு மிகவும் ஏற்றவை.

இன்னொரு யோசனை. பௌர்ணமிக்கு முந்தின நாளே குமரி சேர்ந்துவிடுங்கள். சந்திரன் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுகிறது. ஆகவே முந்தின நாள் மாலையில், சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு சற்று மேலே வந்திருக்கும். இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். மறுநாள் மேகம் மறைத்தாலும் ஏமாற்றம் இராது.

நீர்மட்டமும் சந்திரனுக்குக் கட்டுப்பட்டதே. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் அதிகமாகவும் வற்றம் ஆழமாகவும் இருக்கும். நம் தென்கரையில் இந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் சரிவு குறைந்த கரையில் அவ்வளவே கடலைப் பல மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தப் போதும். குமரியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வேளைகளில் திருவள்ளுவர் சிலை நிற்கும் பாறைக்குப் படகுகள் போக முடியாமல் இருந்ததுண்டு. 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறையையும் சிலையையும் இணைத்து 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் குறை தீர்ந்தது. எனினும் காற்று மிகுந்தால் கரையிலிருந்து பாறைக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படும்.

நம் திருவிழாக்களும் சந்திரனைப் பின்பற்றுகின்றன என்பதை மறவாதீர்கள். தை அமாவாசையன்று இராமேசுவரத்திலும், தைப்பூசத்தன்று திருச்செந்தூரிலும் அறை கிடைப்பது அரிது. கூட்டத்துக்காகவே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்நாள்களில் அந்த ஊர்களை ஒதுக்கித் திட்டமிடலாம்.

எந்த நேரம்?

குமரிமுனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில் இருக்கிறது. அதனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நேரம் அதிகம் மாறுவதில்லை. மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 35 நிமிடம்; மிகக் குறுகிய பகல் 11 மணி 40 நிமிடம். ஜனவரி நடுவில் காலை 6-40 மணி அளவில் சூரியன் உதிக்கும். மாலை 6-20 மணி அளவில் மறையும்.

அங்குள்ள காந்தி நினைவு மண்டபத்தில் அக்டோபர் 2ஆம் நாள் நண்பகலில், கூரைத் துவாரத்தின் வழியே வரும் வெயில், காந்தியடிகளின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் விழும். இதைக் கண்டு வியப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அன்று நண்பகலில் சூரியன் உச்சிக்குத் தெற்கே சுமார் 12 டிகிரி சாய்ந்திருக்கும். தென்திசையிலிருந்து வடக்கே திரும்பி வரும் வழியில், மார்ச் 11ஆம் தேதியை ஒட்டி, சூரியன் மீண்டும் அதே உயரத்துக்கு வருகிறது. கடிகாரம் மட்டும் வேறு நேரம் காட்டும். குமரியில் உண்மையான நண்பகல் அக்டோபர் 2இல் 12 மணி 9 நிமிட அளவிலும், மார்ச் 11இல் 12-30 மணி அளவிலும் வருகிறது. மார்ச்சில் அங்கே போகிறவர்கள் கையில் கடிகாரத்துடன் மண்டபத்தில் நின்று பார்க்கலாம்.

ஏப்ரல் 10 அல்லது 11இல் குமரியில் சூரியன் சரியாக உச்சிக்கு வந்துவிடும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது நிழலே விழாது. செப்டம்பர் முதல் இரண்டு நாள்களிலும் இப்படியே. கோடை விடுமுறைக்காரர்களுக்கு இது ஒரு நல்ல சோதனை.

சூரியன் இவ்வளவு உயரத்தில் இருப்பதில் ஆபத்தும் உண்டு. தோலைச் சுடுவது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். உலர்ந்த மணல் இக்கதிர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், அலை நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே குடை பிடித்தாலும் கீழிருந்து படும். பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது. அதன்மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இந்தக் கடற்காற்று உடலுக்கு இதமாக இருப்பதால் வெயில் சுடுவதே தெரியாமல் போகிறது. எளிய விதி ஒன்று: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை மணலில் நில்லாதீர்கள். பிப்ரவரியில் அது காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. அந்த நேரத்தைக் கோயில், அருங்காட்சியகம், பஸ் பயணம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் படிக்க வேண்டிய பாடங்கள்

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு பின்னர் நீரில் மூழ்கிவிட்டன. ஒரு காலத்தில் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததால் அலைத்தடுப்பு அழிந்தது இதற்கு ஒரு காரணம். எனவே நினைவுப் பொருளாகப் பவளமோ கடற்குதிரையோ வாங்காதீர்கள். சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

தூத்துக்குடியில் உப்பளங்களைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக இங்கே இறங்குகிறது. மழை குறைவு, வெயில், உலர்ந்த காற்று ஆகிய மூன்றும் உப்புக்கு வேண்டியவை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புப் பொருள்கள் இருக்கின்றன. நீர் ஆவியாகும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும், பிறகே சமையல் உப்பும் படிகின்றன. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் இருக்கும். பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றுவதன் இரகசியம் இதுதான்.

திருச்செந்தூரில் கடலுக்கு மிக அருகே இருக்கும் நாழிக்கிணற்றில் நல்ல நீர் ஊறுகிறது. மழைநீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. எண்ணெய் நீரில் மிதப்பதுபோல், மணலுக்குள் உப்பு நீரின்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதன் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. தனுஷ்கோடியில் மீனவர்கள் மணலில் சிறு குழி தோண்டிக் குடிநீர் எடுப்பதும் இதனால்தான். ஆழமாகத் தோண்டி அதிகமாக இறைத்தால் உப்பு நீர் மேலேறிவிடும்.

குமரியில் வண்ண மணல் பொட்டலங்கள் விற்பார்கள். தேவியின் திருமணம் தடைப்பட்டதால் சமைக்காமல் போன அரிசியும் பருப்புமே அப்படி மணலாயின என்பது கதை. உண்மையில் அவை மலைப் பாறைகள் சிதைந்து வந்த கனிமங்கள். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இவை சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானவை. அலை இலேசான மணலை அரித்துச் செல்ல, கனமானவை கரையில் தங்குகின்றன. முறத்தில் புடைக்கும் அதே வித்தை. மணவாளக்குறிச்சிக் கரையில் இவற்றுடன் தோரியம் அடங்கிய மோனசைட்டும் கிடைக்கிறது.

நீரில் கால் வைக்குமுன்

இனிச் சொல்வதை வீட்டிலுள்ள எல்லாரும் கேட்க வேண்டும். 2024 மே மாதத்தில், குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது, ஐவரும் இறந்தனர். அன்று புயல் எதுவும் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் இக்கரையில் கள்ளக்கடல் என்ற ஒன்று வருகிறது. வானம் தெளிந்திருக்க, காற்றும் அடங்கியிருக்க, திருடனைப்போல் திடீரென வந்து புகுவதால் இப்பெயர். தெற்கே 30 டிகிரிக்கும் அப்பால், நம் கரையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் வீசும் புயல்களில் இந்த அலைகள் பிறக்கின்றன. நீண்ட அலைகள் ஆற்றலை அதிகம் இழக்காமல் நெடுந்தூரம் பயணம் செய்பவை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 16 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் நகரும். அதாவது நாலைந்து நாளில் நம் கரையை அடையும். இதனால்தான் இதை முன்கூட்டியே அறிவிக்க முடிகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையைத் தருகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் கடற்கரைக்கே போகாதீர்கள்.

நீங்களும் எண்ணிப் பார்க்கலாம். மேட்டில் நின்று, பத்து அலைகள் கரையில் மோத எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அருகில் வீசும் காற்று எழுப்பிய அலைகளானால் ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ ஆகும். இரண்டரை நிமிடத்தை நெருங்கினால் அது தொலைவிலிருந்து வந்த நீண்ட அலை, விலகி நில்லுங்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதனாலேயே பயமில்லை என்றும் கொள்ளக்கூடாது. கரையிலிருக்கும் மீனவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மற்றொரு ஆபத்து, கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் இழுப்பு நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிப் போயாக வேண்டும். அது ஆழமான ஒரு பள்ளத்தைத் தேடி, ஆறுபோல் குவிந்து ஓடுகிறது. ஆழம் மிகுதியாகையால் அங்கே அலை உடைவதில்லை, நுரை இல்லை, பார்வைக்கு அமைதியாகத் தெரிகிறது. இருபுறமும் அலை அடிக்க நடுவில் அமைதியாக இருக்கிறதே என்று பலர் குழந்தைகளோடு அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள்! சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து நீரோட்டத்தைவிட்டு வெளியேறியபின் அலையோடு கரை சேருங்கள். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கவே கூடாது. ஒருவர் சிக்கினால் மற்றவர்கள் பின்னால் குதிக்காமல், கயிறோ மூடிய காலிக் குடமோ மிதக்கும் வேறு எதுவோ எறிந்து, உதவிக்கு ஆள் அழையுங்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் பலர் இறக்க நேர்கிறது.

பாறைகளில் நிற்பவர்கள் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் வெகுவாக மேலே நிற்க வேண்டும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டங்கள் கடுமை. அங்கே நீராட வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமிக்கு மட்டும் பருவமும் இல்லை, நாளும் இல்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுவதே செய்ய வேண்டியது.

ஒரு மாதிரித் திட்டம்

தை அல்லது மாசி மாதப் பௌர்ணமியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு நாள் முன்பு இராமேசுவரம் சேருங்கள். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும். மறுநாள் அதிகாலையில் தனுஷ்கோடி. இரு கடல்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே ஏற்ற வேளை. மாலைக்குப் பின் அங்கே தங்க அனுமதி இல்லை. மூன்றாம் நாள் தூத்துக்குடி உப்பளங்கள், மாலையில் திருச்செந்தூர். நான்காம் நாள் குமரி. அன்று மாலையே முதல் நிலவு. ஐந்தாம் நாள் பாறை, மண்டபம், மறுபடியும் நிலவு.

மே மாதத்தில்தான் முடியும் என்றால் இதே வழியில் போகலாம். ஆனால் கடலைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பகல் பயணத்தைக் குறையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமாகையால் விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

பெட்டியில் துணிகளோடு ஒரு காலண்டர், ஒரு தேசப் படம், ஒரு கைக்கடிகாரம், ஒரு முழம் நேரான குச்சி ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலை அளக்கவும், அலையை எண்ணவும், நிலவுக்குக் காத்திருக்கவும் இவையே போதும். அலையை எண்ணிக்கொண்டு மேட்டில் நிற்கும் பையனை மற்றவர்கள் கேலி செய்யலாம். செய்துவிட்டுப் போகட்டும். என்றாவது ஒரு நாள், அதுவரை நீரில் விளையாடிக்கொண்டிருக்கும் தன் வீட்டாரைக் கரைக்கு அழைக்கப் போகிறவன் அவன்தான்.